டாங்கனீக்கா எறும்புக்கு நாலு கிண்ணம்

"செத்த எறும்புக்கு நாலு கிண்ணம் தண்ணி காவலா? பொண்ணு வூட்டுக்காரங்க வந்துக்கினு கீறாங்க. பாயசத்த எதுலடா ஊத்தறது, உன் தலையிலயா?"

"அம்மா, மேஜை கால்ல இருந்து கிண்ணத்த எடுத்தா எறும்பு ஏறும்!"

"மேல கீறதும் எறும்புதானே! நான் வெல்லம் அனுப்பினா, பதிலுக்கு எறும்பு அனுப்பறான் என் அண்ணன் புள்ள!"

எல்லையோரக் குடிபாலாவில் செங்கம்மா வாயைத் திறந்தால் நாலு வீட்டுக்கு வேறு பொழுதுபோக்கு வேண்டாம். மகன் கோவர்த்தனன் திருப்பதிக் கல்லூரியில் விலங்கியல் டெமான்ஸ்டிரேட்டர். டாங்கனீக்காவில் ரயில் வேலை பார்க்கும் மாமன் மகன் சிட்டிபாபு தீப்பெட்டியில் அனுப்பிய ஒற்றை எறும்பு, ஆப்பிரிக்காவைத் தாண்டி எங்குமே இல்லாத கிளையினம் என்று புத்தகம் பார்த்துக் கண்டுபிடித்திருந்தான். புரொபசர் தலையாட்டினால் லெக்சரர் வேலை. வேலை வந்தால்தான் ஜெயம்மா. பெண்ணின் அப்பா முனிகிருஷ்ணன் அதில் படு கறார்.

அவன் முகம் கழுவி வருவதற்குள் கிண்ணங்கள் அடுப்பங்கரைக்குப் போய்விட்டன. பெட்டியைத் திறந்தால், எறும்பை ஒட்டி வைத்திருந்த குண்டூசி மட்டும் நின்றது. டாங்கனீக்கா எறும்பு, உள்ளூர் எறும்புகளின் தோளில் மேஜைக் கால் வழியாக ஊர்வலம் போய், சுவர்ப் பொந்தில் மறைந்துகொண்டிருந்தது.

வாசலில் செருப்புச் சத்தம். வரிசையில் கடைசியாகப் போன ஒன்றைப் பிடித்து நசுங்காமல் கொன்று, ஊசியில் ஒட்டினான்.

"மாப்ள, கையோட புரொபசரையும் இட்டுக்கினு வந்துட்டேன்!" என்றார் முனிகிருஷ்ணன்.

கோவர்த்தனன் பெட்டியைப் பட்டென்று மூடினான். "இங்க வெளிச்சம் போதாது சார், இன்னொரு நாள்..."

"அதுக்கென்ன, வெயில்ல பாத்துடலாம்!" புரொபசர் பெட்டியோடு முற்றத்துக்கே போய்விட்டார். லென்ஸ் வைத்து வெகு நேரம் பார்த்தார். "இடுப்புல ரெண்டு முடிச்சு, முதுகுல முள்ளு... பலே! சந்தேகமே இல்ல, ஆப்பிரிக்காதான்!"

"நம்ம ஊரு ஆந்திராவா மெட்ராஸான்னே இன்னும் முடிவாவல. எறும்புக்கு எல்லை போட்டுட்டாரே மாப்ள!" என்று பூரித்தார் முனிகிருஷ்ணன். 

வேலை வந்தது. வைகாசியில் கல்யாணம். ஜெயம்மாவோடு அவன் திருப்பதிக்குக் குடிபோக, செங்கம்மாவும் அந்த நாலு கிண்ணங்களோடு பின்னாலேயே போனாள். ஜெயம்மா பாடு அப்புறம் என்ன ஆயிற்று என்பதை நான் சொல்லக் கூடாது.

கல்யாணத்துக்கு லீவில் வந்த சிட்டிபாபுவைப் பந்தல் ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டு போனான் கோவர்த்தனன். "டேய், உன் எறும்ப இங்கத்திய எறும்பு துன்னுட்டுது. வெளிய சொல்லாத. போனதும் அதே மாதிரி இன்னொண்ணு புடிச்சு அனுப்பு."

சிட்டிபாபு தலையைச் சொறிந்தான்.

"அங்க ஏது அத்தான்? அத்த அனுப்பின வெல்லத்துல ஒட்டிக்கினு வந்த குடிபாலா எறும்பத்தானே நான் திருப்பி அனுப்பினேன்!"