உடையப்பன் வீட்டுக்கு ரிசீவர்

அன்புள்ள மாப்பிள்ளை ரகுநாத் அவர்களுக்கு,

நார்த்தாமலைப் பக்கத்திலிருந்து தங்கள் மாமனார் உடையப்பன் எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தை ராஜலட்சுமியும் கறவை மாடும் நலம். என் இடது முழங்கால் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. மஸ்கட்டில் தாங்களும் என் மகள் பரிமளாவும் பேத்தியும் சளி, இருமல் இல்லாமல் இருக்க அம்மனை வேண்டிக்கொண்டு தொடங்குகிறேன்.

பொருள்: பாட்டு கேட்கும் ரிசீவர் – வைஃபை உள்ளதா, இல்லாததா – முடிவு தெரிவித்தல் – தொடர்பாக.
பார்வை: தாங்கள் சென்ற மாதம் அனுப்பிய குரல் செய்தி.

முப்பத்து மூன்று வருடம் தாலுகா ஆபீசில் டைப்பிஸ்டாக இருந்தவனுக்குப் பொருளும் பார்வையும் போடாமல் கை ஓடாது, மன்னிக்கவும். இந்தச் சின்ன விஷயத்தைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று நினைப்பீர்கள். போனில் சொன்னதால்தான் இவ்வளவும் வந்தது. ஆகவே எழுத்தில் தருகிறேன். நம் தெருவுக்கு நெட் லைன் இழுக்கும் நிலவழகன் இதைப் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து அனுப்புவார். பக்கம் மாறி வந்தால் மேலே எண் போட்டிருக்கிறேன்.

பொங்கலுக்கு வரும்போது எனக்கு நாதஸ்வரக் கச்சேரி கேட்க ஒரு ரிசீவரும் இரண்டு பெரிய ஸ்பீக்கரும் கொண்டுவருவதாகச் சொன்னீர்கள். கடையில் இரண்டு விதம் இருக்கிறது, வைஃபை உள்ளேயே வைத்தது ஒன்று, வைக்காதது ஒன்று, எது வேண்டும் மாமா என்று கேட்டீர்கள். வைஃபை இல்லாவிட்டால் போனிலிருந்து புளூடூத்தில் பாடும் என்றீர்கள். அதைப் பரீட்சித்துப் பார்க்க நிலவழகன் ஒரு சின்ன ஸ்பீக்கர் கொண்டுவந்து என் போனோடு சேர்த்துக் கொடுத்தார். தோடி ராகம் நன்றாக ஏறிக்கொண்டிருக்கும்போது ராஜலட்சுமியின் தங்கை கூப்பிட்டாள். நாதஸ்வரம் நின்று, அவள் மாமியாரைப் பற்றி அவள் சொன்னதெல்லாம் தெருக்கோடி வரை கேட்டது. அந்தத் தங்கை ஒரு நாளைக்குப் பத்து முறையாவது கூப்பிடுவாள். ஆகவே புளூடூத் தள்ளுபடி.

சரி, வைஃபை என்றால் வீட்டில் நெட் வேண்டும். புது லைன் கேட்டேன். கம்பத்தில் இருக்கும் பெட்டி நிறைந்துவிட்டது, புதுப் பெட்டி எப்போது வரும் என்று தெரியாது என்றார் நிலவழகன். பிறகு தன் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வீடு முழுக்க நடந்தார். ஹாலில் ஒன்றுமில்லை. அடுப்படியில் கிரைண்டருக்குப் பக்கத்தில் நின்று முகம் மலர்ந்தார்.

"ஐயா, இங்கிட்டு நல்லா எடுக்குதுங்க. 'குணா இல்லம்'னு காட்டுது. பாஸ்வேர்டு மட்டும் வாங்கிட்டீங்கன்னா போதும்."

குணா இல்லம் என்பது என் அண்ணன் குணசேகரன் வீடு. தங்களுக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் பதிவுக்காக எழுதுகிறேன். எங்கள் அப்பா கட்டியது ஒரே வீடு. நடுவில் ஒரு கதவு, அந்தப் பக்கம் அண்ணன், இந்தப் பக்கம் நான். ஆறு வருடத்துக்கு முன் தங்கள் கல்யாணப் பத்திரிகையில் எல்லோர் பெயருக்கும் முன்னால் 'திரு' இருந்தது, அண்ணன் பெயருக்கு மட்டும் விட்டுப்போனது. கல்யாணத்துக்கு வந்தார், அட்சதை போட்டார், பந்தியில் உட்காராமல் போய்விட்டார். வீட்டுக்கு வந்ததும் நடுக்கதவில் இரண்டு பலகையைக் குறுக்கே வைத்து எட்டு ஆணி அடித்தார். நானும் விடவில்லை, இந்தப் பக்கம் நாலு நெல் மூட்டையை அடுக்கினேன். அச்சாபீஸ்காரன் செய்த தப்பு என்று ஊர் முழுக்கச் சொன்னேன். மாப்பிள்ளை, இதுவரை யாரிடமும் சொல்லாததைத் தங்களுக்குச் சொல்கிறேன்: கடைசி புரூஃப் பார்த்துக் கையெழுத்துப் போட்டது நான்தான். ஆபீசில் ஒரு கால்புள்ளி விடாதவன் சொந்த அண்ணனுக்கு 'திரு' விட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அப்படிப்பட்டவரிடம் போய்ப் பாஸ்வேர்டு கேட்பதா என்ற கடுப்பில்தான், போன புதன்கிழமை கொல்லையில் நின்று தங்களுக்குப் போன் போட்டேன். நான் என்ன சொன்னேன் என்பது நினைவிருக்கும். "மாப்பிள்ளை, இந்த வீட்டுக்கு ரிசீவர் வந்தே ஆகணும். இனிமே பொறுத்துக்கிட்டு இருக்க முடியாது. பொங்கலுக்குள்ள போட்டுருவோம். அண்ணன்கிட்ட கேக்குற பேச்சே கெடையாது" என்றேன். சுவருக்கு அந்தப் பக்கம் அண்ணன் மனைவி செவந்தி மதினி வத்தல் காயவைத்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது.

மஸ்கட்டில் ரிசீவர் என்றால் பாட்டுப் பெட்டியாக இருக்கலாம். நம் ஊரில் ரிசீவர் என்றால், வழக்கு முடியும்வரை சொத்தை நிர்வகிக்கக் கோர்ட் நியமிக்கிற ஆள். அம்மன் கோயிலில் யாருக்கு முதல் மரியாதை என்று சண்டை வந்து, கோர்ட் ஒரு ரிசீவரைப் போட்டு ஒன்பது வருடம் ஆகிறது. இன்றைக்கும் கோயிலில் ஒரு பல்ப் மாட்ட வேண்டுமானால் அவர் கையெழுத்து வேண்டும். ஆகவே மதினி காதில் விழுந்தது, சாயங்காலம் நான் டீக்கடைக்குப் போவதற்குள் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது. ஒருவர் என் தோளைத் தட்டி, "அண்ணன் தம்பிக்குள்ள கோர்ட்டு வரைக்கும் போயிருக்க வேணாங்க" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை, தலையை ஆட்டிவிட்டு வந்தேன். அதையே நான் ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டார்கள்.

மறுநாள் காலை நடுக்கதவில் டமடமவென்று சத்தம். அண்ணன் ஆணியைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். எட்டையும் பிடுங்கிவிட்டுத் தள்ளினால் மூட்டை விடவில்லை. அவர் அங்கிட்டிருந்து தள்ள, நானும் ராஜலட்சுமியும் இங்கிட்டிருந்து மூட்டையை இழுக்க, கால் மணி நேரம் போனது. ஆறு வருடத்தில் நாங்கள் சேர்ந்து செய்த முதல் வேலை அதுதான். கதவு திறந்ததும் வெள்ளைச் சட்டையும் கையில் பட்டா நகலுமாக நின்றார்.

"டேய் உடையா, ஒரு திருவுக்கு ரிசீவராடா? நான் கதவுலதானடா ஆணி அடிச்சேன். நாளைக்கு அப்பா படத்துக்கு மாலை போடணும்னாக்கூட எவன்கிட்டயோ போயி கையெழுத்து வாங்கணுமாடா?"

அது பாட்டுப் பெட்டி என்று அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவர் என்னை 'டா' போட்டு ஆறு வருடம் ஆகிறது மாப்பிள்ளை, இன்னும் ரெண்டு டா கேட்கலாம் என்று ஆசையாக இருந்தது. கண் கலங்கிவிட்டது. வாயில் வந்தது வேறு.

"புரூஃப் பாத்தது நான்தாண்ணே."

"தெரியும்டா. அச்சாபீஸ்காரன் அன்னைக்கே ஒன் கையெழுத்தக் காட்டிட்டான். நீயா வந்து சொல்லுவேன்னு பாத்துக்கிட்டு இருந்தேன்."

ராஜலட்சுமிதான் ரிசீவர் என்றால் என்னவென்று விளக்கினாள். அண்ணனுக்கு, "பாட்டுப் பெட்டிக்காடா நான் எட்டு ஆணியப் புடுங்குனேன்?" என்று மறுபடி கோபம் வரப் பார்த்தது. அதற்குள் அவருக்குப் பின்னால் நின்ற மதினி சிரித்துவிட்டார், அதோடு போயிற்று.

காப்பி குடித்துவிட்டுப் பாஸ்வேர்டு கேட்டேன். அதை அவர் மகள் ரஞ்சிதா வைத்தாளாம், இவர் சொல்லச் சொல்ல. இங்கிலீஷில் திரு, ஒரு புள்ளி, அப்புறம் குணசேகரன். நான் போனில் அடித்தேன், திறக்கவில்லை. பார்த்தால் மறுபடியும் திருவை விட்டிருக்கிறேன். "அத விட்டா உள்ள விடாதுடா" என்றார் அண்ணன். சேர்த்து அடித்தேன், திறந்தது.

ஆகவே விசாரணையின் முடிவு: வைஃபை உள்ளேயே வைத்த ரிசீவரையே வாங்கி வரவும். அது அடுப்படியில் கிரைண்டர் பக்கத்தில் வைக்கப்படும். தோசை சுடும்போது நாதஸ்வரம் கேட்க ராஜலட்சுமிக்கு ஆட்சேபணை இல்லை. பொங்கலுக்கு இரண்டு வீட்டுக்கும் ஒரே பானை என்று மதினி சொல்லிவிட்டார்.

பரிமளாவுக்கும் பேத்திக்கும் எங்கள் ஆசீர்வாதம். தாங்கள் நீண்ட ஆயுளும் நல்ல காதும் பெற்று இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மாமனார்,
க. உடையப்பன்
(திரு போடவில்லை, பிழை அல்ல.)

பி.கு.: முதல் மூன்று பக்கம் உங்களுக்கு வந்திருக்கும். அதில் உள்ள முடிவு செல்லாது என்று வைத்துக்கொள்ளவும். படம் பிடிக்க வந்த நிலவழகன், கச்சேரியை அடுப்படியில் வைப்பதா என்று வருத்தப்பட்டார். ஹாலில்தான் வைக்க வேண்டுமாம். ஆனால் நடுச்சுவர் ரெண்டடி கனம், வைஃபை அங்கே வராது, அண்ணன் வீட்டுப் பெட்டியிலிருந்து இருபது மீட்டர் வயர் இழுத்துச் சொருகினால் போதும், ரிசீவருக்குப் பின்னால் அதற்கு ஓட்டை இருக்கிறதா என்று மட்டும் பார்த்து வாங்கச் சொல்லுங்கள் என்றார். சுவரைத் துளைக்க மிஷின் எடுத்தவரை அண்ணன் தடுத்துவிட்டார். "சுவத்துல எதுக்குய்யா, அதான் கதவு இருக்குல்ல" என்றார். நிலவழகன் தலையைச் சொறிந்துகொண்டு, "வயரு கதவு நெலைல கெடந்தா அப்புறம் கதவச் சாத்த முடியாதுங்களே" என்றார். நானும் அண்ணனும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. "பரவால்ல" என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னோம். ஆகவே மாப்பிள்ளை, வைஃபை இல்லாததையே வாங்கி வரவும்.