ரீசெக் ஏசுதாஸின் ரத்தம்

ரீசெக் பேர்வழி என்று ஓர் இனம் நம் நாட்டில் செழித்து வளர்கிறது. எடை மெஷின், சர்க்கரை மீட்டர், பிபி கருவி எங்கே இருக்கிறதோ அங்கே இதைக் கூட்டமாகப் பார்க்கலாம். அடையாளம் சுலபம். பிடித்த எண் வந்தால் மெஷின் நல்ல மெஷின். பிடிக்காத எண் வந்தால் மெஷின் ரிப்பேர். இந்த இனத்தின் விஞ்ஞானம் மொத்தமும் அவ்வளவுதான்.

இனத்தின் ராஜா பிள்ளைப்பாக்கத்தில் குடியிருக்கிறார். பெயர் ஏசுதாஸ். ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்கிற ஒரு கம்பெனியில் குவாலிட்டி இன்ஸ்பெக்டராக இருந்து ரிட்டையர் ஆனவர். கல்யாணப் பந்தியில் அப்பளத்தின் விட்டத்தைக் கண்ணாலேயே அளந்து, பக்கத்து இலை அப்பளம் சற்றுப் பெரிது என்று சமையல்காரரைக் கூப்பிட்டு விசாரித்து, பாயசம் ஆறிப்போகும் வரை நியாயம் கேட்கிற மனிதர். அப்படிப்பட்டவருக்கும் கம்பெனியில் மாதக் கடைசி என்று ஒன்று வரும். வாசலில் லாரி நிற்கும். டிரைவர் ஹாரன் அடிப்பார். மேனேஜர் அதைவிடச் சத்தமாகக் கத்துவார். அந்த நேரத்தில் ஒரு பீஸ் அளவு தப்பினால் என்ன செய்வது? அளவுக் கருவியான கேஜில் வேறொன்றை எடுத்து அளப்பார் ஏசுதாஸ். அதிலும் தப்பா? இன்னொரு கேஜ். ஏதாவது ஒரு கேஜ் மனமிரங்கி ஓகே சொல்லும்; பீஸ் லாரி ஏறும். இதற்குக் கம்பெனியில் வைத்த கௌரவமான பெயர்தான் ரீசெக்.

போன வருஷம் அவருக்குப் புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் என்று தெரிந்து, சென்னையில் ஆபரேஷன் செய்து சுரப்பியையே எடுத்துவிட்டார்கள். அனுப்பும்போது டாக்டர் தெளிவாகச் சொன்னார்: மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பிஎஸ்ஏ என்ற ரத்தப் பரிசோதனை, சுரப்பி போன உடம்பில் அந்த எண் கிட்டத்தட்டப் பூஜ்யமாக இருக்க வேண்டும், ஏறத் தொடங்கினால் எங்கோ ஒளிந்திருந்தது தலைதூக்குகிறது என்று அர்த்தம், சீக்கிரம் பிடித்தால் கதிர்வீச்சில் அடக்கிவிடலாம், எப்போதும் ஒரே லேப்பில் எடுங்கள்.

முதல் இரண்டு தடவை எண் சமர்த்தாக இருந்தது. ஏசுதாஸ் ஞாயிற்றுக்கிழமை சர்ச் ஆராதனையில் எழுந்து, கடவுள் செய்த நன்மைக்குச் சாட்சி சொன்னார். எந்த உறுப்பு என்பதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் விவரித்து, “பூரண சுகம்!” என்று முடித்தார். சபை அல்லேலூயா என்றது.

அடுத்த ரத்தத்தில் எண் துளி ஏறியது.

“இன்னாம்மா கனிஷ்கா,” என்று ஸ்ரீபெரும்புதூர் லேப் பெண்ணைப் பிடித்துக்கொண்டார். “அளவு சரியா காட்டுதான்னு மெஷினுக்குக் கேலிபரேஷன் எப்போ பண்ணீங்க?”

“இன்னிக்குக் காலைலதான் அங்கிள்.”

“காலைலதான் கரண்டு போச்சே?”

“யூபிஎஸ் கீது அங்கிள்.”

“ரத்தம் எடுக்கறப்ப நான் நின்னுகினு இருந்தேன். அதனால ஏறியிருக்கும்.”

“நீங்க உக்காந்துகினுதான் இருந்தீங்க அங்கிள். நான்தான் நின்னேன்.”

இதற்கு மேல் அந்தப் பெண்ணிடம் பேசி என்ன பிரயோஜனம்? ஷேர் ஆட்டோ ஏறிச் சிங்கப்பெருமாள் கோவில் போனார். அங்கே ஒரு லேப். எண் கொஞ்சம் குறைந்தது. ஒரகடத்தில் இன்னொரு லேப். இன்னும் கொஞ்சம் குறைந்தது. அங்கேதான் மெஷின் நல்ல மெஷின் என்று தீர்ப்பளித்து, அந்தத் தாளை மட்டும் டாக்டரிடம் காட்டினார். பீஸ் லாரி ஏறியது.

மூன்று மாதம் கழித்து எல்லா லேப்பிலும் எண் ஏறியிருந்தது. ராஜா சளைப்பாரா? புதுப்புது லேப்பாகத் தேடிப் புறப்பட்டார். அந்த வட்டாரத்தில் அவர் ரத்தத்தை எடுத்தும் ரிப்போர்ட் கொடுக்காதவை கொசுக்கள் மட்டும்தான்.

“ஏங்க, கையப் பாத்தீங்களா? சல்லடை மாதிரி கீது,” என்றாள் மனைவி அன்னபுஷ்பம். “டாக்டரு ஒரே எடத்துல எடுக்கச் சொன்னாரா இல்லியா?”

“நீ சும்மா இரு அன்னம். இது டெக்னிக்கல்.”

“டெக்னிக்கலாம்! பயம்னு சொல்லிட்டுப் போங்களேன்.”

அப்பளத்துக்கு அரைமணி நேரம் வாதாடியவர் முழுக்கைச் சட்டையைத் தேடப் போனார். பயம்தான். அதோடு, அல்லேலூயா சொன்ன சபையின் முகத்தில் எப்படி விழிப்பது என்ற கவலை வேறு.

சித்திரை வெயிலில் முழுக்கைச் சட்டை போட்டு, கையில் பட்டன் மாட்டி, மனைவியோடு டாக்டர் முன் போய் உட்கார்ந்தார். பொறுக்கி எடுத்த தாளைப் பரிசுக் கோப்பை மாதிரி மேஜையில் வைத்தார்.

“இதுவும் வேற லேப்பா இருக்கே?”

“அங்க மெஷின் சூப்பரா கீது சார்.”

“சரி. பிபி பாத்துடலாம், சட்டையை மேல ஏத்துங்க.”

ஏசுதாஸ் இந்தச் சோதனையை எதிர்பார்க்கவில்லை. இடது முழங்கையில் ஒரு பஞ்சு பிளாஸ்திரி, சுற்றிலும் நீலம் பாரித்த தோல். வலது கையைக் காட்டச் சொன்னார் டாக்டர். அங்கே இரண்டு பிளாஸ்திரி.

டாக்டர் அன்னபுஷ்பத்தைப் பார்த்தார்.

“மாசக் கடைசி சார்,” என்றாள் அவள். “வாசல்ல லாரி நிக்குது.”

டாக்டர் விழித்தார். அவள் கேஜ் கதை முழுவதையும் சொன்னாள். கணவர் குறுக்கே இருமிய இடங்களில் நிறுத்தி, மறுபடி தொடர்ந்து சொன்னாள். டாக்டர் சிரிக்கவில்லை.

“ஏசுதாஸ் சார், அப்படி அனுப்பின பீஸ் எதுனா திரும்பி வந்துச்சா?”

“வந்துது சார்.”

“எப்போ?”

ஏசுதாஸ் சட்டைக் கையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார். “வண்டி ரோட்ல ஓடின பொறவு.”

“மூணு மாசத்தை லாரி ஏத்திட்டீங்க. இன்னும் நேரம் இருக்கு. இன்னொரு மூணு மாசம் ஏத்தற அளவுக்கு இல்லை.”

மறுநாள் காலையில் கனிஷ்காவின் முன்னால் கேள்வி ஏதும் கேட்காமல் கையை நீட்டினார். எண் கதிர்வீச்சு தொடங்க வேண்டிய எல்லையைத் தாண்டியிருந்தது. அடுத்த ஞாயிறு சபையில் எழுந்து நின்று, “சுகம் இன்னும் பாக்கி கீது, எனக்காக ஜெபம் பண்ணுங்க,” என்றார். அல்லேலூயாவுக்குத் தயாராகத் திறந்திருந்த வாய்களெல்லாம் என்ன செய்வதென்று தெரியாமல் சற்று நேரம் திறந்தே இருந்தன. இப்போது தினமும் கதிர்வீச்சுக்குப் போய்வருகிறார். திருந்திவிட்டாரா? முதல் நாளே அங்கிருந்த பையனிடம் அவர் கேட்ட கேள்வி: “தம்பி, இந்த மெஷினுக்குக் கேலிபரேஷன் எப்போ பண்ணீங்க?”

நமக்கும் இந்த ஆளுக்கும் சம்பந்தமில்லை என்கிறீர்கள். இருக்கட்டும். எடை மெஷினில் செருப்பைக் கழற்றி, மணிபர்ஸை எடுத்து வைத்து, மூச்சை அடக்கி ஒற்றைக் காலில் நின்று பார்த்தது யார்? லிஃப்டில் வந்துவிட்டு, ‘மாடிப்படி ஏறி வந்தேன், அதான் பிபி ஏறியிருக்கு’ என்று நர்ஸிடம் சொன்னது யார்? சந்தேகம் இருந்தால் முதல் வரியிலிருந்து மறுபடி படித்துப் பாருங்கள். அது நீங்கள் இல்லை என்று முடிவு வரும்வரை எத்தனை தடவை வேண்டுமானாலும் படிக்கலாம்.