இடது கன்னத்துக்குப் புதுசு, வலது கன்னத்துக்குப் பழசு

"ஏங்க, இங்க வந்து என் மூஞ்சியைப் பாருங்க."

பல் துலக்கிக்கொண்டிருந்த விஞ்ஞானி பிரஷ்ஷோடு ஓடி வந்தார். கண்ணாடி முன் நின்ற மனைவியை இந்தப் பக்கமாக ஒரு முறை, அந்தப் பக்கமாக ஒரு முறை பார்த்தார். வாயில் நுரை இருப்பதையும் மறந்து சிரித்துவிட்டார்.

"சிரிப்பு வேறயா? இடது கன்னம் கல்யாணப் பொண்ணு மாதிரி இருக்கு. வலது கன்னம் அவளோட மாமியார் மாதிரி இருக்கு. முகத்துக்கு மட்டும் அரை நாள் லீவு போட்டீங்களான்னு ஆபீஸ்ல கேக்குறாங்க."

"அருமை! வெறும் கண்ணுக்கே வித்தியாசம் தெரியுது!"

"எனக்கும் தெரியுது. அதான் கூப்பிட்டேன்."

விஞ்ஞானி என்பது அவர் வாங்கிய பட்டம் அல்ல. மைத்துனன் கிண்டலுக்கு வைத்தது. ஒரு சின்ன கிரீம் கம்பெனியில், ஜன்னல் இல்லாத ஓர் அறையில், கிரீம் கலக்குவது அவர் வேலை. அந்த அறைக்குத்தான் இப்போது ஆபத்து. "புதுக் கிரீமைப் பூசினா வித்தியாசம் கண்ணுக்குத் தெரியணும். மாசக் கடைசிக்குள்ள தெரியலைன்னா ரூமைக் காலி பண்ணிட்டு பேக்கிங்குக்குப் போயிடுங்க" என்று முதலாளியம்மா சொல்லிவிட்டார். அன்றிலிருந்து பேக்கிங் சூப்பர்வைசர் அளவு டேப்போடு அடிக்கடி எட்டிப் பார்த்துச் சுவரை அளந்துகொண்டிருந்தார். நாற்காலியில் விஞ்ஞானி உட்கார்ந்திருப்பதை அவர் பொருட்படுத்துவதே இல்லை.

ஆகவே பரிசோதனை வீட்டிலேயே தொடங்கியது. மனைவியின் இடது கன்னத்துக்குப் புதுக் கிரீம், வலது கன்னத்துக்குக் கம்பெனியின் பழைய கிரீம்.

"அதுல அப்படி என்னதான் போட்டீங்க?"

"லிப்பிட் நானோ துகள். அதாவது, மெழுகு மாதிரி ஒரு கொழுப்பு. அதைக் கண்ணுக்கே தெரியாத அளவுக்குப் பொடிப்பொடியா ஆக்கிக் கிரீம்ல கலந்துட்டேன். தோல்மேல இடைவெளி விடாம பரவி, உள்ளே இருக்கிற ஈரத்தை வெளியே விடாது."

"உங்க கொழுப்பு போதாதுன்னு என் மூஞ்சியில வேற கொழுப்பா? இந்த வாரத்துக்குள்ள ரெண்டு கன்னமும் ஒண்ணா இருக்கணும். இல்லேன்னா நீங்களே பூசிக்கிட்டு நீங்களே ஆபீஸ் போங்க."

வாசலில் ஆபீஸ் வேன் ஹாரன் அடித்தது. அவள் சண்டையைப் பாதியில் விட்டுவிட்டு ஓடினாள். டைப்பிஸ்ட் மாற்றலாகிப் போனதால் இந்த மாதம்தான் அவளுக்கு ஜன்னல் சீட்டு கிடைத்திருந்தது. கொஞ்சம் அசந்தால் கணக்குப் பிரிவுக்காரர் உட்கார்ந்துவிடுவார்.

விஞ்ஞானி டப்பாவைத் திறந்து பார்த்தார். புதுக் கிரீம் ஒரு கன்னத்துக்குத்தான் வரும். மறுபடி கலக்கலாம் என்றால், கலக்கும் மிஷின் மேல் சூப்பர்வைசர் ஏற்கனவே அட்டைப்பெட்டிகளை அடுக்கியிருந்தார்.

யோசித்துப் பார்த்து கன்னங்களை மாற்றிப் போட்டார். இனி வலதுக்குப் புதுசு, இடதுக்குப் பழசு. அது ஏறும், இது இறங்கும், நடுவில் எங்காவது இரண்டும் சந்தித்துக்கொள்ளும்.

சந்திக்கவில்லை. ஒரு வாரம் போனது. பழைய கிரீம் பூசிய இடது கன்னம் முன்பு போலவே பளபளத்தது. புதுக் கிரீம் பூசிய வலது கன்னம் இன்னும் கொஞ்சம் காய்ந்து, பொருக்குத் தட்டியது.

வேறு யாராவது இருந்தால் இந்த இடத்தில் சந்தேகப்பட்டிருப்பார்கள். விஞ்ஞானிக்கு ஆனந்தக் கண்ணீர் வந்துவிட்டது.

"புரியுதா? நானோவை நிறுத்தின பிறகும் இடது கன்னத்துல அதோட வேலை நடந்துக்கிட்டே இருக்கு!"

"அப்போ வலது கன்னத்துல ஏன் நடக்கல?"

அவர் பழைய கிரீம் டப்பாவைக் கையில் எடுத்துப் பார்த்தார். முகம் மெல்ல வெளிறியது.

"பழைய கிரீம் அந்த அளவுக்குக் கெடுத்து வெச்சிருக்கு. நானோவே வந்தும் காப்பாத்த முடியல."

"ஐயையோ! அதைத்தானே இத்தனை வருஷமா பூசுறேன்?"

"நீ மட்டுமா? ஊரே பூசுது" என்றார் விஞ்ஞானி. சொல்லிவிட்டுத் தானே பயந்துபோனார்.

அன்றே வலது கன்னத்துக்கு மூன்று பூச்சு போட்டார். அதில் மினுமினுப்பு வருவதற்குப் பதில் பிசுபிசுப்பு வந்தது. மாலையில் அவள் வீடு திரும்பியபோது, ஊர்ப் புழுதி பாதி அந்தக் கன்னத்தில் ஒட்டியிருந்தது.

"போதும். உங்க கம்பெனியில ஈரம் அளக்குற மிஷினை வெச்சு அளந்து பாருங்க. எனக்கு என்ன வியாதின்னாவது தெரியட்டும்" என்று அவள் அழ ஆரம்பித்தாள். அவர் துண்டை நனைத்து அந்தப் புழுதியைத் துடைத்துவிட்டார். அறை போனால் போகட்டும், இவள் முகம் நன்றாக இருந்தால் போதும் என்று அந்த நிமிடம் உண்மையாகவே நினைத்தார்.

மறுநாள் அவள் லீவு போட்டாள். வழக்கமான வேனிலேயே வந்து கிரீம் கம்பெனி வாசலில் இறங்கிக்கொண்டாள். சாயங்காலம் அங்கேயே ஏற்றிக்கொள்வதாக டிரைவர் சொல்லியிருந்தார்.

விஞ்ஞானி ஈரம் அளக்கும் கருவியை இடது கன்னத்தில் வைத்தார். முள் ஜம்மென்று ஏறியது. வலது கன்னத்தில் வைத்தார். முள் நகரவே இல்லை. கருவிதான் கெட்டுவிட்டதோ என்று தன் கன்னத்தில் வைத்துப் பார்க்கும்போது கதவு திறந்தது. முன்னால் முதலாளியம்மா, பின்னால் டேப்போடு சூப்பர்வைசர்.

"இங்க என்ன நடக்குது?" என்ற முதலாளியம்மா, அவள் முகத்தைப் பார்த்ததும் கிட்டே வந்தார். இடப்பக்கம் நின்று பார்த்தார். வலப்பக்கம் போய் நின்று பார்த்தார். மூக்குக்கு நேராக நின்று, ஒரு கையால் ஒரு கன்னத்தையும் மறு கையால் மறு கன்னத்தையும் மாறி மாறி மறைத்துப் பார்த்தார்.

"எது புதுசு?"

"இடது, மேடம். அதை நிறுத்தின பிறகும் அப்படியே இருக்கு!"

"பிரமாதம்! ரூம் உங்களுக்குத்தான். டேப்பைச் சுருட்டுய்யா."

சூப்பர்வைசர் சுருட்டினார். விஞ்ஞானி அத்தோடு வாயை மூடியிருக்கலாம்.

"வலது பக்கம் நம்ம பழைய கிரீம், மேடம். அது பண்ணின சேதத்தை நானோவாலகூடச் சரிபண்ண முடியல."

முதலாளியம்மா இரண்டு கைகளாலும் தன் கன்னங்களைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். மாமனார் ஆரம்பித்த கம்பெனி, மாமனார் கண்டுபிடித்த கிரீம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அதைத்தான் பூசுகிறார். அதுவும் இரண்டு பக்கமும்.

"எல்லாக் கடைக்கும் போன் போடு. பழைய சரக்கு ஒரு டப்பா வெளியில இருக்கக் கூடாது!"

"மேடம், நம்ம வியாபாரமே அதுலதான்..." என்று சூப்பர்வைசர் இழுத்தார்.

"இனிமே நானோல நடக்கும். விஞ்ஞானி, நாளையிலிருந்து டிரம் டிரம்மா கலக்குங்க. ஏம்மா, உன் முகத்தை அப்படியே ஒரு போட்டோ எடுத்துக்கலாமா? இந்தப் பாதி புதுசு, அந்தப் பாதி பழசு. கேட் பக்கத்துச் சுவர் முழுக்க வரையச் சொல்றேன்."

"வலது கன்னத்தையுமா?" என்றாள் அவள் ஈனக்குரலில்.

"அதுதாம்மா முக்கியம்!"

மத்தியானத்துக்குள் பழைய டப்பாக்களை ஏற்றிய முதல் லாரி திரும்பி வந்துவிட்டது. சுவரில் சுண்ணாம்பு அடித்தார்கள். டப்பாக்கள் அறைக்கு வெளியே கூரைவரை ஏற ஏற, விஞ்ஞானி அடிக்கடி எட்டிப் பார்த்து அவற்றை எண்ணினார். ஒரே ஒரு கன்னத்தை நம்பி ஒரு கம்பெனியே குப்புறக் கவிழ்கிறதே! ஆனாலும் கருவி பொய் சொல்லாது. கண்ணும் பொய் சொல்லாது. அவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

சாயங்காலம் மனைவியை வேன் ஏற்றிவிட வாசலுக்கு வந்தார். முதலாளியம்மாவும் கூடவே வந்து, எதிர்கால விளம்பரத்தைக் கதவு திறந்து ஏற்றிவிட்டார். அவள் நேராகப் போய்த் தன் ஜன்னல் சீட்டில் உட்கார்ந்தாள்.

வேன் டிரைவர் பெருமையாகத் திரும்பினார்.

"அக்கா, உங்க ஜன்னலுக்கு இன்னைக்குத் திரை மாட்டிட்டேன். காலையில போறப்பவும் வெயில் அந்தப் பக்கம், சாயங்காலம் வர்றப்பவும் அந்தப் பக்கம்... நீங்க அந்த சீட்டுக்கு வந்ததிலிருந்து பாக்குறேன், பாவம், உங்க வலது கன்னம் மட்டும் அப்பளமா காஞ்சு போச்சு!"