வலம்புரிக் குழியில் பொன்னுதுரை பொருத படலம்

திரைகடல் புரளும் தூத்துக்குடித் துறைமுகத்தில் நங்கூரமிடும் கப்பல்களுக்கெல்லாம் அரிசியும் வெங்காயமும் ஏற்றிப் பசிப்பிணி தீர்ப்பவரும், கருப்பட்டிக் காப்பியன்றிப் பிற பானம் தீண்டா விரதரும், வெள்ளைக் கால்சட்டைக்கு மேலே தொந்தியை வெற்றிக்கொடியென முன்னே போகவிட்டுத் தாம் பின்னே வருபவருமாகிய பொன்னுதுரை அண்ணாச்சியின் புகழ் பாடப் புகுந்தோம். கலைமகளே, வந்து நாவில் அமர்க. வெயில் தாழ்ந்தபின் வந்தாலும் பாதகமில்லை; செம்மணல் மேடாகிய தேரியில் நிழல் கிடையாது.

உடன்குடிக்கு அப்பால், பனையும் முள்ளும் அன்றிப் பிறிதொன்று அறியாத அச்செம்மணல் தேரியில், காயல்பட்டினத்து முஸம்மில் காக்காவைக் கூட்டாளியாகக் கொண்டு அண்ணாச்சி கோல்ஃப் மைதானம் கண்டார். வடிவமைக்க வந்த சென்னைப் பொறியாளர், பங்கர் எங்கெங்கே வேண்டும் என்று வினவியபோது, துறைமுகத்தில் அச்சொல்லைக் கப்பல் எண்ணெய்க்கன்றி வேறெதற்கும் வழங்கக் கேட்டிராத நம் தலைவர், "எத்தன டன்னுன்னு சொல்லுங்க, நாளைக்கே லாரில இறக்கிருதேன்" என்று வாக்களித்த பெருந்தன்மையை மைதானத்துக் கொத்தனார்கள் இன்றும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள். பங்கர் என்பது பந்தை விழுங்கவென்றே வெட்டும் மணற்குழி என விளங்கியதும், அவர் தேரியை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். கண்ணெட்டிய தொலைவெல்லாம் பங்கராகவே கிடந்தது. மணலை மூடிப் புல் வளர்த்து, அப்புல்லை வெட்டி மீண்டும் மணல் காணும் அவ்வேள்விக்கு ஏதேனும் ஓர் உருவம் இருந்தாலன்றிப் பொருளில்லை என்று தெளிந்தார்.

தெளிந்ததும் ஆணை பிறந்தது. "புல்தரை முத்துச்சிப்பி மாதிரி விரியணும். அதுக்கு முன்னால குழி, வலம்புரிச் சங்கு. நம்ம ஊருக்கு வந்தவன் நம்ம சங்குலதான் விழணும்."

அவ்வண்ணமே சிப்பி பச்சைப்பசேலென விரிந்தது. சங்கு சுருண்டு சுருண்டு இறங்கி, ஆள் மறையும் ஆழத்தில் போய் முடிந்தது. திறப்பு விழா அழைப்பிதழில் வலம்புரி, தொப்பியில் வலம்புரி, டீத் தம்ளரிலும் வலம்புரி. அத்தனையும் துறைமுகம் முழுக்கப் போய்ச் சேர்ந்துவிட்டன.

முஸம்மில் காக்காவோ துபாயில் கோல்ஃப் பயின்றவர். அங்கே சாதாரண வட்டக் குழிக்கே அஞ்சி ஒதுங்கி ஆடியவர். இதில் விழுந்த பந்து ஏறாது என்றார். ஏறவே வழியில்லாத குழி வேண்டுமென்றால் ஆதிச்சநல்லூரில் முதுமக்கள் தாழியோடு இருக்கிறது, புதிதாக வெட்டுவானேன் என்றார். கடைசியில் சபதம் மொழிந்தார்:

"அண்ணாச்சி, நீங்களே உள்ள இறங்குங்க. பொழுதடைஞ்சி மஃரிபு பாங்கு சொல்லுததுக்குள்ள பந்த சிப்பியில ஏத்திட்டியன்னா, சங்கு கியாமத்து நாள் வரைக்கும் இருக்கட்டும். ஏறலன்னா நாளைக்கே ஜேசிபிய விட்டு மூடிருவோம்."

"சரி காக்கா" என்றார் அண்ணாச்சி. திசைகள் எட்டும் அதிர்ந்ததாக எழுதவே ஆசை. ஒரு மயில் மட்டும் தலை திருப்பிற்று.

மதயானை குளம் புகுந்தாற்போல் அவர் சங்கினுள் இறங்கினார். முதல் வீச்சில் தேரி எழுந்தது, பந்து எழவில்லை. அடுத்த வீச்சில் பந்து எழுந்தது. எழுந்து, சங்கின் உட்சுவரை முத்தமிட்டு, பிரிந்த கன்று தாயிடம் மீள்வதுபோல் அவர் காலடிக்கே வந்து சேர்ந்தது. பின்னர் நிகழ்ந்த பெரும்போரில் மீசை சிவந்தது, புருவம் சிவந்தது, வெண்கால்சட்டை செவ்வாடையாயிற்று. வெளியே நின்றோர்க்கு அவ்வப்போது விண்ணேறும் மணற்புகையும், கோல்ஃபைக் கண்டுபிடித்தவனின் பரம்பரையைக் குறித்த சில விசாரணைகளுமே புலப்பட்டன. வீச்சுகளை எண்ணிக்கொண்டிருந்த காக்கா எண்ணுவதை விட்டார். கதிரவன் பனைகளின் பின்னே சரிந்தான். காக்கா தொழுகைக்குக் கை கால் முகம் கழுவி ஒளு செய்யக் குழாயடி நோக்கி நடந்தார்.

அவ்வேளை, மோர்ப் பாட்டிலைக் கையிலேந்தி மேட்டின்மேல் தோன்றினார் அண்ணாச்சியின் மனைவி பிரேமா. கணவரைப் பார்த்தார். குழியைப் பார்த்தார். மீண்டும் குழியைப் பார்த்தார்.

"ஏங்க, வலம்புரின்னுதான சொன்னிய? நம்ம சாமி ரூம்புல இருக்கது இப்படியா சுத்துது? இது இடம்புரில்லா."

இடியுண்ட நாகமென நின்றார் தலைவர். நினைவு வந்தது. மெல்லிய வரைதாளை வெயிலுக்கு நேரே உயர்த்திப் பிடித்து, கோடுகள் பளிச்சென்று தெரிகின்றன என்று மகிழ்ந்து, தாளின் பின்புறமிருந்து பார்த்து, "இந்தப் பக்கமா வளச்சித் தோண்டுலே" என்று ஜேசிபிக்காரனுக்குத் திசை காட்டியவர் தாமேதான். கடலில் அரிதினும் அரிதான வலம்புரியைப் படத்தில் அச்சிட்டு ஊரெல்லாம் கொடுத்துவிட்டு, கடற்கரையில் காலை வைத்தால் இடறும் இடம்புரியைத் தேரியில் வெட்டி வைத்திருக்கிறார். துறைமுகத்துக் கூலி முதல் சங்குக் கடைக்காரர் வரை, வலமும் இடமும் பிரித்தறியாதார் அவ்வூரில் எவருளர்? விழாவன்று அத்தனை பேரும் இம்மேட்டின்மேல்தானே ஏறி நிற்பர்? மூடிய குழியை ஊர் மறந்துவிடும், இடம்புரியை மறக்குமோ?

ஓங்கிய கோல் ஓங்கியபடி நிற்க, கை தளர்ந்து, கோல் தானே சரிந்து மணலில் விழுந்தது. விழுந்த வேகத்தில், மாலையெல்லாம் மல்லுக்கு நின்ற அப்பந்து, கூண்டு திறந்த கிளியென மேலெழுந்து, சங்கின் விளிம்பு கடந்து, சிப்பியின் நட்டநடுவே முத்துப்போல் சென்று அமர்ந்தது.

அவர் உலகையே வென்றுவிட்டார். சுற்றுமுற்றும் பார்த்தார். காக்கா குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தார். பிரேமா மோர்ப் பாட்டிலின் மூடியை மிகுந்த அக்கறையோடு திருகிக்கொண்டிருந்தார். தொலைவில் பாங்கொலி எழுந்தது.

செம்புழுதி ஆடையோடு சங்கேறி வந்த வீரர், சிப்பியில் நடந்து, முத்தைக் குனிந்தெடுத்து, திரும்பி வந்து, கருணையோடு சங்குக்குள் போட்டார்.

"ஏறிச்சா அண்ணாச்சி?" என்று குழாயடியிலிருந்து கேட்டார் காக்கா.

"எங்கன ஏற? நீங்க சொன்னதுதான் சரி."

மறுநாள் காலையில் ஜேசிபி வந்து குழியை மூடிவிட்டுப் போனது.