இரண்டாவது விசில்

நான் பார்த்த மனிதர்களிலேயே, பதினெட்டு ஏக்கர் நிலத்தைப் பேருந்து என்று கடைசிவரை நம்பியவர் எங்கள் கண்டக்டர் ஒருவர்தான். உளுந்தூர்பேட்டைக்கும் கள்ளக்குறிச்சிக்கும் நடுவே ஓடிய தனியார் பேருந்து ஒன்றில் ஆயுளில் பாதியைக் கழித்துவிட்டு வந்தவர். அவருக்குப் பெயர் என்று ஒன்று இருந்திருக்கும். ரேஷன் கார்டுக்குத் தெரிந்திருக்கலாம், எங்களுக்குத் தெரியாது.

கல்வராயன் மலையடிவாரத்தில், கரியாலூர் போகும் சாலையை ஒட்டி இருந்தது அந்தக் கூட்டுப்பண்ணை. ஒன்பது குடும்பங்கள், ஆளுக்கொரு துண்டு நிலம். தனித்தனியாக வைத்திருந்தால் துண்டுக்கு ஒரு வரப்பும் வரப்புக்கு ஒரு சண்டையும்தான் மிஞ்சும் என்று, வரப்பை வெட்டிச் சமமாக்கி ஒன்றாகச் சேர்த்துக்கொண்டார்கள். கேழ்வரகு, வேர்க்கடலை, மரவள்ளி, நாலு கறவை மாடு, சாண எரிவாயு அடுப்பு. கடையில் வாங்கியது உப்பும் தீப்பெட்டியும்தான். மத்தியானச் சாப்பாடு எல்லோருக்கும் ஒரே கொட்டகையில். நான் அங்கே பால்வாடி டீச்சர்.

தன் துண்டு நிலத்தோடு கண்டக்டர் கொண்டுவந்து சேர்த்த இன்னொரு சொத்து அவருடைய விசில். ஒரு விசில் ஊதினால் நிற்க வேண்டும். இரண்டு ஊதினால் கிளம்ப வேண்டும். களை எடுப்பவர்களுக்கும் அதுதான், மோட்டார் போடுபவனுக்கும் அதுதான். மனிதர்கள் பழக ஒரு மாதம் ஆயிற்று. ஏர் மாடுகள் ஒரே வாரத்தில் பழகிவிட்டன.

வினை அங்கேதான் ஆரம்பித்தது. பண்ணைக்கு எதிரிலேயே பேருந்து நிறுத்தம். கரியாலூர் வண்டியின் கண்டக்டர் ஒரு விசில் கொடுத்தால் வண்டியும் நிற்கும், எங்கள் மாடுகளும் பாதி உழவில் நிற்கும். அவர் இரண்டு கொடுத்தால்தான் இரண்டும் நகரும். ஒருநாள் டயர் பஞ்சராகி வண்டி முக்கால் மணி நேரம் நின்றது. அதுவரை எங்கள் மாடுகளும் அசைபோட்டபடி நின்றன. ஏர் பிடித்த ஏழுமலை தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான்.

"நீங்களே ரெண்டு ஊதுங்களேன் ணா" என்றான்.

"ஒருத்தன் வண்டிக்கு இன்னொருத்தன் ரைட் குடுக்கக் கூடாது. சட்டம்" என்றார் கண்டக்டர்.

சாப்பாட்டுக் கொட்டகையில் அவர் சட்டம் இன்னும் கடுமை. வாசல் ஓரம்தான் அவர் இடம். தலைகளை எண்ணுவார். "முன்னாடி நகருங்க, நடுவுல எடம் இருக்குது பாரு" என்பார். கடைசி ஆள் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்த பிறகுதான் இரண்டு விசில். அதற்கு முன்னால் ஒருவரும் களியில் கை வைக்க முடியாது. எனக்கு அப்போதெல்லாம் எரிச்சலாக இருக்கும். மனசுக்குள் நான் அவரைத் திட்டாத நாள் கம்மி.

பிறகு மழை இரண்டு போகம் பொய்த்தது. ஏழுமலைதான் முதலில் வாயைத் திறந்தான். செங்கல் சூளையில் வேலை இருப்பதாக மேஸ்திரி சொல்லியிருந்தான். பெண்டாட்டி அஞ்சலையையும் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போவதாகச் சொல்லி, தன் துண்டைத் திருப்பிக் கொடுக்கும்படி கேட்டான். பண்ணையின் ஒரே கிணறு அந்தத் துண்டில்தான் இருந்தது. பக்கத்துக் கரும்புக்காரர் கிணற்றோடு அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். அவன் போனால் பண்ணையே போயிற்று.

கொட்டகையில் பெரிய கூச்சல். கண்டக்டர் மட்டும் சத்தம் போடவில்லை. "எறங்கணும்னு சொல்றவன கதவச் சாத்தி வச்சிக்கினு வண்டி ஓட்ட முடியாது" என்றார். மறுநாள் மத்தியான வண்டிக்கு அவர்களுடைய டிரங்குப் பெட்டியை அவரே தூக்கிப் போய் நிறுத்தத்தில் வைத்துவிட்டு வந்தார்.

வந்து வாசல் ஓரம் உட்கார்ந்தார். எண்ணினார். விசிலை எடுக்கவில்லை.

"இன்னா ணா, ஊதுங்க" என்றார்கள்.

"நாலு ஆளு கொறையுது."

"அவங்கதான் எறங்கிட்டாங்களே."

"வண்டி இன்னும் வரல. இன்னும் எறங்கல."

பிள்ளைகள் பசியில் அழ ஆரம்பித்தார்கள். நான் போய்ச் சொன்னேன். "அர டிக்கெட்டுக்கு விசில் வேணாம் டீச்சர். புள்ளைங்களுக்குப் போடுங்க" என்றார். பெரியவர்கள் ஆறிக்கொண்டிருந்த களியைப் பார்த்தபடி இருந்தோம். ஒரு பக்கம் மறைப்பு இல்லாத கொட்டகை அது. நாங்கள் சாப்பிடாமல் உட்கார்ந்திருப்பதைச் சாலைக்கு அந்தப் பக்கம் நின்ற அஞ்சலை பார்த்துக்கொண்டே இருந்தாள்.

வண்டி வந்தது. எங்களுக்கும் அவர்களுக்கும் நடுவே மறைத்து நின்றது. இரண்டு விசில் கேட்டது, வண்டி போய்விட்டது. நிறுத்தத்தில் அவர்கள் நால்வரும் அப்படியே நின்றார்கள்.

அஞ்சலைதான் முதலில் சாலையைத் தாண்டினாள். பெட்டியைத் தொப்பென்று வைத்தாள். "இத்தினி பேரப் பட்டினி போட்டுட்டுப் போய் நாங்க எங்க சோறு துன்றது? ஊதித் தொலைங்க ணா" என்றாள். கண்டக்டர் மறுபடி எண்ணினார். பிறகு ஊதினார். அப்படி ஆறிக் கட்டியாகிப் போன களியை அவ்வளவு ருசித்து நான் தின்றதில்லை.

மழை அதற்கப்புறமும் உடனே வந்துவிடவில்லை. களி கூழாயிற்று, கூழ் தண்ணீராயிற்று. ஆனால் ஒன்பது குடும்பமும் சேர்ந்தேதான் அந்தத் தண்ணீரைக் குடித்தோம். கிணறு பண்ணையில்தான் இருக்கிறது.

சில வருடங்கள் கழித்து ஒரு காலையில் கண்டக்டர் எழுந்திருக்கவில்லை. சுடுகாடு தூரம் என்பதால் பண்ணை வண்டியிலேயே கிடத்தினோம். மாடுகள் நகரவில்லை. எப்படி நகரும்? விசிலை ஏழுமலையிடம் கொடுத்தார்கள். ஒன்று ஊதினான். இரண்டாவதை ஊதுவதற்குள் அழுதுவிட்டான். இன்னொன்று ஊத எங்களில் ஒருவருக்கும் மனசு வரவில்லை. ஒரு விசில் என்றால் நிற்க வேண்டும். நின்றோம்.

சாலையில் கரியாலூர் வண்டி வந்தது. ஆளை இறக்கிவிட்டு, எதுவும் தெரியாத அந்தக் கண்டக்டர் இரண்டு விசில் கொடுத்தார். மாடுகள் நடந்தன. நாங்களும் பின்னால் நடந்தோம்.

அவர் மட்டும் எழுந்து உட்கார்ந்திருந்தால் எங்களை நகர விட்டிருக்க மாட்டார். ஓர் ஆள் குறைகிறது என்று சொல்லியிருப்பார்.