மஞ்சள் மதிலும் மட்டன் ரோல்ஸும்

தென்லண்டனில் ஒரு கவுன்சில். பெயர் வேண்டாம், உங்களுடையதாகவும் இருக்கலாம். அதன் எல்லைக்குள் கனகாம்பிகை அக்கா மட்டன் ரோல்ஸ் விற்கும் வான் வண்டி திங்கள் ஸ்டேஷனடியிலும் புதன் கோவிலடியிலும் வெள்ளி சந்தையடியிலும் நின்று வந்தது. லைசென்ஸைப் புதுப்பிக்கப் போனால், நிலையான முகவரி இல்லாத வணிகத்துக்கு வழங்க இயலாது என்றார்கள். மாதக் கடைசிக்குள் கிடைக்காவிட்டால் வானை மூடவேண்டும். அந்த வான்தான் அந்தக் குடும்பத்துக்குச் சோறு.

கோப்பு 'நாடோடி வணிகர் உறவுப் பிரிவு' அதிகாரி ஜெராட்டிடம் போனது. எங்கள் தமிழ் ஆள்தான்; பண்டைய வரலாறு படித்தவர். பழைய பேரரசுகள் நாடோடிகளைக் கையாண்டபடியே தானும் கையாள்வது என்று முடிவெடுத்தார்.

முதலில் மதில். சந்தையடியில் மஞ்சள் பிளாஸ்டிக் தடுப்புகள் வரிசையாக எழுந்தன. அக்கா வானைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் நிறுத்தினார். சனமும் அந்தப் பக்கம் போனது.

"அந்தக் காலத்திலயும் இப்பிடித்தான் அக்கா நடந்தது," என்றார் ஜெராட், மிகுந்த திருப்தியோடு.

அடுத்தது வெகுமதி. பேரரசர்கள் நாடோடிகளுக்குப் பட்டுத்துணி கொடுத்துவிட்டு, அவர்கள்தான் திறை கட்டினார்கள் என்று எழுதிவைப்பார்களாம். ஜெராட் கவுன்சில் பெயர் போட்ட துணிப்பை ஒன்றைக் கொடுத்தார், இரண்டு ரோல்ஸ் சாப்பிட்டார், 'நாடோடித் தலைவி திறை செலுத்திப் பணிந்தார்' என்று அறிக்கை அனுப்பினார்.

"இனி என்ன தம்பி?"

"இளவரசியைக் கட்டிக் குடுத்துச் சம்பந்தம் வைப்பினம்."

"ஓம், மகன் சஞ்சயனுக்குப் பாத்துக்கொண்டுதான் இருக்கிறம். பிள்ளை என்ன படிச்சவ? சாதகக் குறிப்பு இருக்கோ?"

ஜெராட் அவசரமாகக் கோப்பை மூடினார். "அது பட்ஜெட்டில இல்லை அக்கா."

"அப்ப என்ர லைசென்ஸ்?"

"முகவரி இல்லாட்டி ஏலாது."

அந்த வாரம் கவுன்சிலுக்கு ஒரு புது நாகரிகம் பிடித்தது. யாருக்கும் சொந்த மேசை கிடையாது, எங்கிருந்தும் வேலை செய்யலாம் என்று சொல்லிக் கட்டடத்தை விற்றுவிட்டார்கள். மாதக் கடைசி நாள், மழையில் நனைந்தபடி ஜெராட்டும் ஆறு அதிகாரிகளும் லாப்டாப்போடு வந்து வானடியில் ஒதுங்கினார்கள்.

"அக்கா, ஒரு பிளக் தருவீங்களோ?"

"நிலையான முகவரி இருக்கோ தம்பி?"

ஜெராட் தலையைச் சொறிந்தார். பிறகு வானையே அலுவலக முகவரியாகப் பதிந்து, அதே முகவரிக்கு லைசென்ஸையும் கொடுத்தார்.

அக்கா பிளக் கொடுத்தார். ஆளுக்கொரு ரோல்ஸ் கொடுத்தார். பிறகு அந்த மஞ்சள் தடுப்புகளை இழுத்துவந்து, அதிகாரிகளை அதற்கு அந்தப் பக்கம் விட்டார்.

வரிசையில் நின்ற எங்களுக்கு ஏக சந்தோஷம். "ஒரு இடத்தில இருக்காமல் அலையிறவையை உள்ள விட்டா இப்பிடித்தான்," என்று நான்தான் முதலில் சொன்னேன். எல்லோரும் ஓம் என்றார்கள்.

நான் லண்டனுக்கு வந்தது ஐந்து நாட்டு எல்லைகளைத் தாண்டி, லொறியின் பின்பக்கத்தில். எனக்கு முன்னால் நின்றவர் ஏழு தாண்டியவர்.