வினோலியா டீச்சர் பர்மனென்ட் ஆன வரலாறு

சமூக அறிவியல் ஆசிரியர்களுக்கு ஆதரவு தேவை என்ற மகத்தான உண்மையை மனிதகுலம் கி.பி. 2013ஆம் ஆண்டில்தான் கண்டுபிடித்தது. கண்டுபிடித்த இடம் நெய்வேலி நகரியம். அதுவரை கணக்கு ஆசிரியருக்கு டியூஷன் இருந்தது, அறிவியல் ஆசிரியருக்குச் சோதனைக்கூடம் இருந்தது, விளையாட்டு ஆசிரியருக்கு ஒரு விசிலாவது இருந்தது. சமூக அறிவியல் ஆசிரியருக்குச் சுருட்டி வைத்த இந்திய வரைபடத்தை விட்டால் வேறு நாதி இல்லை. இந்த அநீதி கண்டு பொறுக்காத கல்வியாளர்கள் ஏழு பேர் ஒன்றுகூடி 'பொருளியல் சமூகவியல் கற்பித்தல் குழு' என்ற அமைப்பைத் தோற்றுவித்தார்கள். சுருக்கமாக, பொ.ச.க.கு. எழுத்துக்கு எழுத்து புள்ளி வைத்துப் பேச நகரியத்து மக்களுக்குப் பொறுமை ஏது? இரண்டாவது வாரத்திலேயே அது 'பொசுக்கு' ஆகிவிட்டது.

ஏழு பேரும் கடலூர், விழுப்புரம் பக்கத்திலிருந்து வந்தவர்கள். நெய்வேலியை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்று சிலர் குதர்க்கமாகக் கேட்டதுண்டு. தமிழ்நாடே மின்வெட்டில் விசிறிக்கொண்டிருந்த வருடம் அது. நகரியத்தில் மட்டும் கரண்ட் போகாது. கரண்ட் போகாத இடத்தில்தான் ஏ.சி. ஓடும், ஏ.சி. ஓடும் இடத்தில்தான் கல்விச் சிந்தனை ஓடும். இதில் குதர்க்கத்துக்கு இடமே இல்லை.

இப்பேர்ப்பட்ட குழு ஆதரிப்பதற்கு ஓர் ஆசிரியர் வேண்டுமல்லவா? அந்தப் பாக்கியம் வினோலியாவுக்குக் கிடைத்தது.

நகரியத்தின் ஓரத்தில் இருந்த ஒரு தனியார் பள்ளியில் அவள் சமூக அறிவியல் ஆசிரியை. அதுவும் கான்ட்ராக்ட். ஜூன் மாதம் சேர்த்துக்கொள்வார்கள், ஏப்ரல் மாதம் நிறுத்திவிடுவார்கள். மே மாதம் அவள் ஆசிரியையா இல்லையா என்பது கர்த்தருக்கே தெரியாத விஷயம். அவள் கணவன் ஃபெலிக்ஸ் நிலக்கரி மைன்ஸில் ஒரு கான்ட்ராக்டரிடம் வேலை பார்த்தான். கல்யாணமான நாளிலிருந்து அவன் சொல்லும் வசனம் ஒன்றுதான். "வூட்டுல ரெண்டு பேரும் கான்ட்ராக்ட்டா இருந்துக்கினு எத்தினி நாளுக்கு ஓட்டறது? யாராச்சும் ஒருத்தர் பர்மனென்ட் ஆவணும் வினோலியா."

வெளியூர்க்காரர்களுக்கு ஒரு விளக்கம். மற்ற ஊர்களில் சாதி கேட்பார்கள், சொந்த ஊர் கேட்பார்கள். நெய்வேலியில் பெண் பார்க்கப் போனாலும் சரி, வாடகைக்கு வீடு கேட்டாலும் சரி, முதல் கேள்வி, "பர்மனென்ட்டா, கான்ட்ராக்ட்டா?" என்பதுதான். மனிதப் பிறவியில் அங்கே இந்த இரண்டு வகைதான் உண்டு.

பொ.ச.க.கு.வின் ஆதரவு முதலில் ஒரு பயிலரங்கமாக அவள் மேல் இறங்கியது. அமைப்பாளர் முனைவர் வைத்திலிங்கம் மைக்கைப் பிடித்தார். கல்லூரியில் பொருளியல் துறைத் தலைவராக இருந்து ஓய்வு பெற்றவர். பள்ளிக்கூடத்தை விட்டு வந்து நாற்பது ஆண்டு ஆகியிருந்ததால் அதைப் பற்றி விருப்பு வெறுப்பில்லாமல் பேச அவரால் முடிந்தது.

"இன்று முதல் நீங்கள் ஆசிரியை அல்ல" என்றார் அவர்.

வினோலியா அவசரமாக மாதத்தை எண்ணிப் பார்த்தாள். ஜனவரி மாதத்திலேயே நிறுத்துகிறார்களோ?

"நீங்கள் 'கற்றல் ஏதுவாளர்'!"

அப்பாடா என்று மூச்சு விட்டாள். பெயர் மாறியது. மற்றபடி ஏதும் மாறவில்லை.

பிறகு பலூன் ஊத வைத்தார்கள். ஊதியது பணவீக்கமாம். வண்ண வண்ணக் காகிதத் துண்டுகளில் 'என் கனவு வகுப்பறை' பற்றி எழுதிச் சுவரில் ஒட்டச் சொன்னார்கள். வினோலியா, 'என் பீரியடை கணக்கு சார் எடுத்துக்கொள்ளாத வகுப்பறை' என்று எழுதி ஒட்டினாள். அது விளையாட்டாக எழுதியது இல்லை. கணக்கு ஆசிரியர் நல்லசாமி வாரத்தில் பாதி நாள் அவள் வகுப்பு வாசலில் வந்து நின்று, "ஒரே ஒரு சம் பாக்கி டீச்சர், போட்டுட்டுக் குடுத்துடறேன்" என்பார். அந்த ஒரு சம் முடிவதற்குள் மணி அடித்துவிடும். முகலாயர் ஆட்சி அந்த வகுப்பில் இதுவரை பாபரைத் தாண்டவில்லை.

"சார், இத மட்டும் ஹெச்.எம். கிட்ட சொல்லி நிறுத்திக் குடுத்தீங்கன்னா போதும்" என்று வைத்திலிங்கத்திடம் கேட்டாள்.

"அது நிர்வாக விஷயம்மா" என்றார் அவர் பெருந்தன்மையாக. "நாங்கள் நிர்வாகத்தில் தலையிடுவதில்லை. கல்வியில் மட்டும்தான் தலையிடுவோம்."

அடுத்த கட்ட ஆதரவு, மாதிரி வகுப்பு. ஏழு பேரும் கடைசி பெஞ்சில் முட்டி இடிக்க உட்கார்ந்தார்கள். தலைமையாசிரியை கிறிஸ்டினா கதவோரம் நாற்காலி போட்டுக்கொண்டார். படம் பிடிக்க கிளமென்ட் வந்திருந்தான். வட்டாரத்தில் நடக்கும் கல்யாணம், காதுகுத்து, முதல் நற்கருணை எல்லாவற்றுக்கும் அவன்தான் வீடியோ. பழக்க தோஷத்தில் வந்ததும், "பொண்ணு கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பும்மா" என்றான்.

பாடம், 'சமூக ஒப்பந்தம்'. குழுவே தேர்ந்தெடுத்துக் கொடுத்தது.

வினோலியாவுக்குப் பாடம் நடத்துவது உயிர். பீரியட் கிடைக்காத ஏக்கம் வேறு. பிடித்துக்கொண்டாள். "ஒரு காலத்துல ராஜாவும் இல்ல, சட்டமும் இல்ல. வலுத்தவன் வச்சதுதான் நியாயம். ஜனங்க பாத்தாங்க. எங்க உரிமைல கொஞ்சத்த உங்கிட்ட குடுக்கறோம், நீ எங்களக் காப்பாத்தணும்னு ஒருத்தன்கிட்ட ஒப்பந்தம் போட்டாங்க. சரி, ஒப்பந்தம்னா என்ன? யார் சொல்றீங்க?"

வகுப்பில் பாதிக் கைகள் உயர்ந்தன. இதைவிட எளிதான கேள்வியை நெய்வேலிப் பிள்ளைகளிடம் கேட்க முடியாது. வெண்மதி எழுந்தாள். அவள் அப்பா கலியன், ஃபெலிக்ஸ் வேலை பார்க்கும் அதே கான்ட்ராக்டரிடம் இருப்பவர்.

"ஒப்பந்தம்னா கான்ட்ராக்ட் டீச்சர். எங்கப்பா நான் பொறக்கறதுக்கு முன்னாலேர்ந்து அதுலதான் போய்க்கினு இருக்காரு."

பின்வரிசையில் பேனாக்கள் பரபரத்தன.

"அது வேற ஒப்பந்தம்மா. இது ராஜாவுக்கும் ஜனங்களுக்கும் நடுவுல."

வெண்மதி உட்காரவில்லை. "அப்ப ராஜா பர்மனென்ட்டு, ஜனங்கதான் கான்ட்ராக்ட்டா டீச்சர்?"

வகுப்பு சிரித்தது. வினோலியா சிரிக்கவில்லை. இத்தனை வருடத்தில் இப்படி ஒரு கேள்வி அவள் வகுப்பில் வந்ததில்லை. சந்தோஷத்தில் வெண்மதியின் பெஞ்சுக்கே போனாள். "இல்லம்மா. ராஜாவும் கான்ட்ராக்ட்தான். அவன் சொன்ன சொல்ல மீறினா, ஏன்டா மீறினேன்னு கேக்கற உரிமை ஜனங்களுக்கு உண்டு. அந்த உரிமை மட்டும்தான் பர்மனென்ட்" என்றாள்.

கைதட்டல் அடங்கச் சற்று நேரம் பிடித்தது. வெண்மதியின் பதிலைக் குழு ஆழ்ந்து பரிசீலித்து, 'வட்டாரச் சூழலால் விளைந்த கருத்துப் பிழை' என்று முடிவு செய்தது. வினோலியாவைப் பற்றியும் அங்கேயே ஒரு முடிவு எடுத்தது. அதை வைத்திலிங்கமே மைக்கில் அறிவித்தார்.

"இப்படிப்பட்ட கற்பித்தலை நாம் இழந்துவிடக் கூடாது. வினோலியா டீச்சரைப் பர்மனென்ட் ஆக்குவது என்று பொ.ச.க.கு. ஒருமனதாகத் தீர்மானித்திருக்கிறது! பள்ளி நிர்வாகமும் சம்மதித்துவிட்டது!"

அன்று சாயங்காலம் வினோலியா பாதுஷா வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். ஃபெலிக்ஸ் அப்போதுதான் ஷிப்ட் முடிந்து வந்து கை கால் கழுவிக்கொண்டிருந்தான்.

"எழுத்துல குடுத்தாங்களா?" என்றான்.

"மைக்ல சொன்னாங்க."

"மைக்லயா?" என்று ஒரு கணம் யோசித்தான். தொழிற்சங்கக் கூட்டங்களில் பதினைந்து வருடமாக மைக்கில் மட்டுமே பர்மனென்ட் ஆகிவருபவன் அவன். ஆனால் மனைவியின் முகத்தைப் பார்த்த பிறகு அதைச் சொல்ல மனம் வரவில்லை. "படிச்சவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று ஒரு பாதுஷாவை எடுத்து அவள் வாயில் ஊட்டிவிட்டான். அக்கம்பக்கத்தில் ஏழெட்டு வீட்டுக்கு இனிப்பு போயிற்று. இனிமேல் மே மாதமும் தான் ஆசிரியைதான் என்ற நினைப்பில் அன்று அவள் நிம்மதியாகத் தூங்கினாள்.

பிப்ரவரியிலும் மார்ச்சிலும் எல்லாப் பாடத்தையும் படம் பிடித்தார்கள். சனி, ஞாயிறு என்று பார்க்காமல் வினோலியா ஓடி ஓடி நடித்தாள். ஆர்டர் கைக்கு வருவதற்கு முந்தைய சடங்கு என்று நினைத்துக்கொண்டாள். இந்த இரண்டு மாதமும் நல்லசாமி பீரியட் கேட்டு வரவே இல்லை. பாபர் ஒருவழியாகக் கண்மூடினார். ஹுமாயூன், அக்பர் என்று மளமளவென்று ஔரங்கசீப் வரை படப்பிடிப்பு முடிந்தது.

"டீச்சர், ஒவ்வொரு பாடம் முடியறப்பவும் 'சந்தேகம் இருந்தா கேளுங்க'ன்னு சொல்லிட்டு, கொஞ்ச நேரம் சும்மா சிரிச்சிக்கினு நில்லுங்க. பொறவு 'நல்ல கேள்வி'ன்னு சொல்லுங்க" என்றான் கிளமென்ட்.

"யாருமே கேக்கலியே கிளமென்ட், நல்ல கேள்வின்னு எப்பிடிச் சொல்றது?"

"குழு சொல்லிச்சு டீச்சர். அப்பதான் உரையாடற மாதிரி இருக்குமாம்."

எதிரே ஞாயிற்றுக்கிழமையின் காலி பெஞ்சுகளைப் பார்த்துச் சிரித்தாள். "நல்ல கேள்வி!" என்றாள்.

ஏப்ரல் கடைசி நாள் தலைமையாசிரியை அறைக்குப் போனாள்.

"மேடம், அந்தப் பர்மனென்ட் ஆர்டர்..."

"அதான் ஆயிடுச்சேம்மா!" என்றார் கிறிஸ்டினா முகம் மலர்ந்து. "எல்லாப் பாடத்தையும் ஸ்மார்ட் போர்டுல ஏத்தியாச்சு. இனிமே எந்தக் காலத்துக்கும் நீங்கதான் இங்க சோஷியல் டீச்சர். அழிக்கவே முடியாது."

"எனக்கு ஆர்டர், மேடம்?"

"உங்களுக்கு எதுக்கும்மா?" அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை. "போர்டு லீவு போடாது, மே மாசச் சம்பளம் கேக்காது. ஜூன்லேர்ந்து உங்கள கூப்பிட வேண்டிய அவசியமே இல்லைன்னு நிர்வாகம் சொல்லிடுச்சு. அனுபவச் சான்றிதழ் மட்டும் ஜூன்ல வந்து வாங்கிக்குங்க."

வினோலியாவுக்கு அழுகை வரவில்லை. கோபம் வந்தது. அதுவும் தன் மேலேயே வந்தது. இவ்வளவு நாளும் தன் வேலைக்குத் தானே அல்லவா குழி தோண்டிக்கொண்டிருந்தோம்? நேராக வைத்திலிங்கத்தைத் தேடிப் போனாள். அவர் ஏ.சி. அறையில் அடுத்த ஆண்டுத் திட்டத்தில் மூழ்கியிருந்தார்.

"சார், சமூக அறிவியல் ஆசிரியருக்கு ஆதரவுன்னு சொல்லித்தான வந்தீங்க?"

"இப்பவும் ஆதரவுதான். அதில் மாற்றமே இல்லை."

"என் வேலையே போச்சே சார்?"

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எங்கள் பெயரை நீங்கள் கவனிக்கவில்லை. கற்பித்தல் குழு. கற்பிப்பவர் குழு இல்லை. கற்பித்தலுக்கு எந்தக் குறையும் வராமல் பார்த்துக்கொண்டோம். கற்பிப்பவர்களைப் பார்த்துக்கொள்ள எங்கள் விதிமுறையில் இடமில்லையேம்மா."

வீட்டில் ஃபெலிக்ஸ் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு டீ போடப் போனான். பாதுஷா சாப்பிட்ட பக்கத்து வீட்டு அமிர்தம்தான் கேட்டாள். "என்னா டீச்சர், பர்மனென்ட்டு என்னா ஆச்சி?"

"பொசுக்குன்னு போச்சுக்கா" என்றாள் வினோலியா. அந்தக் குழுவைப் பற்றி இவ்வளவு துல்லியமான மதிப்பீட்டை அதன் ஆண்டறிக்கைகூட வெளியிட்டதில்லை.

ஜூன் மாதம் சான்றிதழ் வாங்கப் போனபோது பள்ளியில் தோரணம் கட்டியிருந்தார்கள். 'நிரந்தர வகுப்பறை' திறப்பு விழா. அலுவலகத்தில் ஆள் இல்லை. குரல் கேட்ட பக்கம் நடந்தாள். கேட்டது அவள் குரல். ஜன்னலுக்கு வெளியே குடையோடு நின்று பார்த்தாள்.

சுவர் நிறையத் திரை. திரை நிறைய அவள். கிளமென்ட் குறை வைக்கவில்லை. ராஜாவுக்கும் மக்களுக்கும் ஒப்பந்தம் ஆன கட்டத்தில் மேலிருந்து ரோஜா இதழ்கள் பொழிந்தன, இதய வடிவச் சட்டத்துக்குள் அவள் முகம் சுழன்று வந்தது. முன்வரிசையில் குழுவினர் ஏழு பேரும் மாலையோடு உட்கார்ந்திருந்தார்கள்.

"இது வெறும் திரை அல்ல, உரையாடும் திரை! கேளுங்கள், பிள்ளைகளே!" என்றார் வைத்திலிங்கம்.

"சந்தேகம் இருந்தா கேளுங்க" என்றது திரை. சிரித்துக்கொண்டு நின்றது.

வெண்மதி எழுந்தாள். "டீச்சர், சொன்ன சொல்ல மீறினா ஜனங்க கேக்கலாம்னு நீங்கதான சொன்னீங்க? உங்கள பர்மனென்ட் ஆக்கறோம்னு மைக்ல சொல்லிட்டு நிறுத்திட்டாங்களே, அத யாரு டீச்சர் கேக்கறது?"

ஜன்னலுக்கு வெளியே வினோலியாவின் வாய் தானாகத் திறந்தது.

திரை முந்திக்கொண்டது. "நல்ல கேள்வி! இப்ப அடுத்த பாடத்துக்குப் போகலாமா?"

ஏழு பேரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். "பார்த்தீர்களா டீச்சர், உங்களுக்கு எவ்வளவு ஆதரவு!" என்று தழுதழுத்தார் வைத்திலிங்கம், திரையைப் பார்த்து.

வெண்மதி ஜன்னலைப் பார்த்தாள்.